ட்ரிகர் இருக்கிறது, தரவு மட்டும் மாறவில்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

பெயரின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளியை வெட்டுவது, மின்னஞ்சலைச் சின்ன எழுத்தாக்குவது, கைபேசி எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது மாதிரியான வேலைகளை ஆப்பில் எழுதினால், அந்த ஆப் வழியாக வரும் தரவுக்கு மட்டும்தான் அவை நடக்கும். டேபிளில் ட்ரிகராக, அதாவது பதிவு சேரும்போதோ மாறும்போதோ டேட்டாபேஸே தானாக ஓட்டும் நிரலாக எழுதிவிட்டால் ஆப், எக்செல் கோப்பிலிருந்து ஏற்றுவது, யாரோ நேரடியாக அடிக்கிற இன்சர்ட் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கஷ்டம் கோளாறு வரும்போதுதான். குவெரியை எத்தனை முறை படித்தாலும் ட்ரிகர் அதில் தெரியாது.

உதாரணத்துக்கு ‘வாடிக்கையாளர்’ என்று ஒரு டேபிள். அதில் பெயர், கைபேசி, மின்னஞ்சல், பிறந்த தேதி என்ற புலங்கள். நான் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்துத்தான் பேசுகிறேன். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் எங்கே வேறுபடுகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன்.

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு வரிசையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு இன்சர்ட் வந்தால், கொடுத்த மதிப்பு முதலில் அந்தப் புலத்தின் வகைக்கு மாற்றப்படும். கொடுக்காத புலங்களுக்கு முன்பே சொல்லிவைத்த டீஃபால்ட் மதிப்பு நிரப்பப்படும். அப்புறம் பிஃபோர் ட்ரிகர்கள், அதாவது பதிவு எழுதப்படும் முன் ஓடுபவை, ஓடும். அதற்குப் பிறகு ஜெனரேட்டட் புலங்கள் (மற்ற புலங்களிலிருந்து தானாகக் கணக்கிடப்படுபவை), அப்புறம் நாட் நல் (நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை கூடாது), செக் (மதிப்பு நாம் சொன்ன நிபந்தனைக்குப் பொருந்த வேண்டும்) கட்டுப்பாடுகள். பிறகு பதிவு எழுதப்பட்டு, ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் பார்க்கப்படும். கடைசியில், பதிவு எழுதப்பட்ட பிறகு ஓடும் ஆஃப்டர் ட்ரிகர்கள். ஃபாரின் கீ சரிபார்ப்பும் (இன்னொரு டேபிளைச் சுட்டும் மதிப்பு அங்கே உண்மையில் இருக்கிறதா என்பது) இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் மாற்றும் கணக்கு சரியாகவே இருக்கும். அது இந்த வரிசையில் தப்பான இடத்தில் நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: எரர் எதுவும் இல்லை, ஆனால் தரவு வந்தபடியே உள்ளே போகிறது

அதிகம் பார்க்கிற கோளாறு இதுதான். முதல் கேள்வி: ட்ரிகர் ஓடுகிறதா, இல்லையா? யோசித்துப் பயனில்லை, கேட்டுப் பார்த்துவிடலாம். ட்ரிகர் ஓட்டும் ஃபங்ஷனின் முதல் வரியில், செய்தி அச்சிடும் ‘ரெய்ஸ் நோட்டீஸ்’ ஒன்று போட்டு, ட்ரிகரின் பெயரையும் புதிய பதிவின் மதிப்பையும் அச்சிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு ட்ரான்சாக்ஷன் திறந்து, ஒரு பதிவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, செய்ததையெல்லாம் திரும்பப் பெறும் ரோல்பேக் கொடுங்கள்.

நோட்டீஸ் வரவே இல்லையென்றால் ட்ரிகர் ஓடவில்லை. ஃபங்ஷனை மட்டும் எழுதிவிட்டு, அதை டேபிளோடு இணைக்கும் ‘கிரியேட் ட்ரிகர்’ கட்டளையை ஓட்டாமல் விட்டிருக்கலாம். போஸ்ட்கிரெஸில் இவை இரண்டு தனி வேலைகள். அதே பெயரில் வேறொரு ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்துவைக்கும் பகுதி) இன்னொரு டேபிள் இருந்து, ட்ரிகர் அதில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்து, போஸ்ட்கிரெஸ் தன்னிடமுள்ள ட்ரிகர்களைக் குறித்துவைக்கும் ‘பிஜி ட்ரிகர்’ என்ற கேட்டலாக் டேபிளில் ‘டிஜி எனேபிள்ட்’ என்ற புலத்தைப் பாருங்கள். ‘ஓ’ என்று இருந்தால் வழக்கம்போல் ஓடும், ‘டி’ என்றால் அணைத்து வைத்திருக்கிறார்கள். மொத்தமாகத் தரவு ஏற்றும்போது வேகத்துக்காக யாராவது ‘டிசேபிள் ட்ரிகர் ஆல்’ கொடுத்துவிட்டுத் திரும்பப் போடாமல் விட்டிருந்தால் அது இங்கே தெரிந்துவிடும்.

புலம் ‘ஓ’ என்று இருந்தும் ஓடவில்லையா? அந்த செஷனில் ‘செஷன் ரெப்ளிகேஷன் ரோல்’ என்ன என்று பாருங்கள். அது ‘ரெப்ளிகா’ என்று இருந்தால் சாதாரண ட்ரிகர்கள் ஓடாது. லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் மாற்றங்களை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) வழியாக இன்னொரு சர்வரிலிருந்து வரும் பதிவுகளுக்கும் இதே கதைதான். பெறும் பக்கத்தில் ட்ரிகர் ஓட வேண்டுமென்றால் அதை ‘எனேபிள் ஆல்வேஸ்’ அல்லது ‘எனேபிள் ரெப்ளிகா’ என்று மாற்ற வேண்டும். நான் பொதுவாக அப்படி மாற்ற மாட்டேன். அனுப்பும் பக்கத்தில் ஏற்கெனவே திருத்தப்பட்டு வந்த தரவை மறுபடி திருத்த என்ன அவசியம்?

புதிய பதிவில் ஓடுகிறது, திருத்தும்போது மட்டும் ஓடவில்லை என்றால் ‘அப்டேட் ஆஃப் கைபேசி’ மாதிரி புலத்தைக் குறிப்பிட்டு ட்ரிகர் எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அப்டேட் கட்டளையின் ‘செட்’ பகுதியில் அந்தப் புலத்தின் பெயர் இருந்தால்தான் அது ஓடும். வேறொரு பிஃபோர் ட்ரிகர் உள்ளுக்குள் கைபேசியை மாற்றினால் இதற்குத் தெரியாது.

சரி, நோட்டீஸ் வருகிறது, மதிப்பு மட்டும் மாறவில்லை. அப்படியென்றால் பெரும்பாலும் அது ஆஃப்டர் ட்ரிகராக இருக்கும். ஆஃப்டர் ட்ரிகருக்குள் ‘நியூ’வை, அதாவது ட்ரிகர் கையில் கிடைக்கும் புதிய பதிவை, எப்படி மாற்றினாலும் போஸ்ட்கிரெஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிடும், பதிவுதான் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே. இந்த விஷயத்தில் மைஎஸ்க்யூஎல் மேல்: ஆஃப்டர் ட்ரிகரில் ‘செட் நியூ’ என்று எழுதினால் ட்ரிகரை உருவாக்கும்போதே 1362 என்ற எரர் கொடுத்து நிறுத்திவிடும்.

பிஃபோர்தான், ஆனாலும் மாறவில்லை என்றால் ஃபங்ஷன் கடைசியில் எதைத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள். அப்டேட்டுக்கான ட்ரிகரில் ‘ரிட்டர்ன் ஓல்ட்’ என்று இருந்தால் பழைய மதிப்புகளே மறுபடி எழுதப்படும். ஆப்புக்கு ‘ஒரு பதிவு திருத்தப்பட்டது’ என்று பதில் போகும், டேபிளில் ஒன்றும் மாறியிருக்காது. அதுவும் சரியாக இருந்தால், அதே டேபிளில் வேறு பிஃபோர் ட்ரிகர் இருக்கிறதா பாருங்கள். ஒரே நிகழ்வுக்குப் பல ட்ரிகர்கள் இருந்தால் போஸ்ட்கிரெஸ் அவற்றைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டும். நீங்கள் திருத்தியதை அடுத்து வருவது கெடுத்திருக்கலாம். பெயருக்கு முன்னால் 10, 20, 30 என்று எண் போட்டுவைப்பது பார்க்க அழகாக இருக்காது, ஆனால் குழப்பம் தீரும். மைஎஸ்க்யூஎல்லில் ‘ஃபாலோஸ்’, ‘ப்ரிசீட்ஸ்’ என்று எழுதி வரிசையைச் சொல்லலாம்.

எஸ்க்யூலைட்டில் வந்து மாட்டிக்கொள்பவர்களுக்கு: அங்கே பிஃபோர் ட்ரிகருக்குள் ‘நியூ’வை மாற்ற வழியே கிடையாது. ஆஃப்டர் இன்சர்ட் ட்ரிகர் எழுதி, அதற்குள் அந்தப் பதிவின் ரோஐடியை (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள உள் எண்) வைத்து ஒரு அப்டேட் கொடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: ஒரு பதிவு மாறுகிறது, கூட வந்த மற்றவை மாறவில்லை

எஸ்க்யூஎல் சர்வரில் இதைக் கேட்டாலே காரணம் இதுதான் என்று சொல்லிவிடலாம். அங்கே ட்ரிகர் ஒரு கட்டளைக்கு ஒருமுறைதான் ஓடும், பதிவுக்கு ஒருமுறை அல்ல. வந்த பதிவுகள் எல்லாம் ‘இன்சர்ட்டட்’ என்ற தற்காலிக டேபிளில் இருக்கும். அதிலிருந்து ஒரு மதிப்பை மட்டும் மாறியில் எடுத்து வேலை செய்யும்படி எழுதினால், ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நூறு பதிவை ஒரே இன்சர்ட்டில் அனுப்பினால் ஒன்றுதான் திருந்தும். மாறியை எடுத்துவிட்டு, ‘இன்சர்ட்டட்’டோடு ஜாயின் செய்யும் ஒரே அப்டேட்டாக எழுதுங்கள். ‘பல்க் இன்சர்ட்’ வழியாக வந்தவை எதுவுமே மாறவில்லையென்றால் அது வேறு: ‘ஃபயர் ட்ரிகர்ஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டளை ட்ரிகரை ஓட்டாது. போஸ்ட்கிரெஸின் ‘காப்பி’, மைஎஸ்க்யூஎல்லின் ‘லோட் டேட்டா’ இரண்டும் ட்ரிகரை ஓட்டும்.

அறிகுறி: எரர் இல்லை, பதிவையே காணோம்

இன்சர்ட் ஓடிய பிறகு ‘இன்சர்ட் 0 0’ என்று பதில் வந்தால் பிஃபோர் ட்ரிகர் நல்லைத் திருப்பித் தந்திருக்கிறது. ‘இந்தப் பதிவை விட்டுவிடு’ என்பதுதான் அதற்கு அர்த்தம், போஸ்ட்கிரெஸும் அப்படியே செய்கிறது. இஃப், எல்ஸ் என்று பல கிளைகள் உள்ள ஃபங்ஷனில் ஏதோ ஒரு கிளையில் ‘ரிட்டர்ன் நல்’ ஒளிந்திருக்கும். ரிட்டர்னே இல்லாத கிளையாக இருந்தால் ‘கன்ட்ரோல் ரீச்ட் எண்ட் ஆஃப் ட்ரிகர் ப்ரொசீஜர்’ என்று தொடங்கும் எரர் வரும். அது பரவாயில்லை, சத்தமாகவாவது விழுகிறது. தப்பான பதிவைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் நல் திருப்பாதீர்கள், ‘ரெய்ஸ் எக்செப்ஷன்’ கொடுங்கள்.

அறிகுறி: ட்ரிகர் திருத்த வேண்டிய மதிப்புக்கே எரர் வருகிறது

கைபேசி புலம் வார்கேர் 12, அதாவது அதிகபட்சம் 12 எழுத்து. வந்த மதிப்பு ‘+91 98400 12345’ மாதிரி ஒன்று. இடைவெளியையும் கூட்டல் குறியையும் நீக்கத்தான் ட்ரிகரே எழுதினோம். ஆனால் ‘வேல்யூ டூ லாங்’ என்று எரர். மேலே சொன்ன வரிசையைப் பாருங்கள்: வகை மாற்றம்தான் முதல் படி. 12 எழுத்துக்குள் அடங்காத மதிப்பு ட்ரிகரிடம் வந்து சேர்வதே இல்லை. எண் வகைப் புலத்துக்கு ‘1,500’ என்று கமா போட்டு அனுப்பினாலும் இப்படித்தான், நீளும் பட்டியல் இது. நாட் நல் மட்டும் இதில் சேராது. அது பிஃபோர் ட்ரிகருக்குப் பிறகு பார்க்கப்படுவதால், நல்லாக வந்ததை ட்ரிகர் நிரப்பிவிடலாம்.

கைபேசிக்குத் தீர்வு எளிது. புலத்தை டெக்ஸ்ட் வகையாக்கி, நீளத்தையும் வடிவத்தையும் செக் கட்டுப்பாடாகப் போடுங்கள். செக் ட்ரிகருக்குப் பிறகு ஓடுவதால் திருத்திய மதிப்பைத்தான் பார்க்கும்.

தேதி இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே எரர்கூட வராமல் போகலாம். நம் ஊரில் 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. போஸ்ட்கிரெஸில் ‘டேட்ஸ்டைல்’ அமைப்பு மாதம் முதலில் என்று இருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 என்று வந்தால்தான் 25-வது மாதம் இல்லையே என்று எரர் கொடுக்கும். ஆக, ஒரே கோப்பில் 12-ஆம் தேதிக்குப் பிந்தையவை எரரில் விழும், அதற்கு முந்தையவை தப்பாக உள்ளே போய்விடும். ட்ரிகருக்குக் கிடைப்பது ஏற்கெனவே தேதியாக மாறிய மதிப்பு. அது முதலில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று அதனிடமிருந்து கண்டுபிடிக்க முடியாது. இதை ட்ரிகரில் சரிசெய்ய முயல்வதே வீண்.

வெளியிலிருந்து கோப்பு ஏற்றுவதாக இருந்தால், எல்லாப் புலங்களும் டெக்ஸ்டாக உள்ள ஒரு இடைநிலை டேபிளில் முதலில் ஏற்றுங்கள். அங்கிருந்து ‘டூ டேட்’ ஃபங்ஷனில் வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லி உண்மையான டேபிளுக்கு மாற்றுங்கள். மூல மதிப்பு கையில் இருப்பதால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கவும் முடியும். ட்ரிகர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், தேதியை டெக்ஸ்டாகக் காட்டும் ஒரு வியூ (டேபிள் மாதிரியே தெரியும், சேமித்துவைத்த குவெரி) உருவாக்கி, அதன் மேல் வந்த இன்சர்ட்டுக்குப் பதிலாகத் தான் ஓடும் ‘இன்ஸ்டெட் ஆஃப்’ ட்ரிகர் எழுதலாம்.

அறிகுறி: மாற்றம் இரண்டு தடவை நடந்திருக்கிறது

கைபேசி எண்ணுக்கு முன்னால் 91 சேர்க்கும் ட்ரிகர். சில பதிவுகளில் 9191 என்று இருக்கிறது. அதே பதிவு அப்டேட் ஆகும்போது ட்ரிகர் மறுபடி ஓடியிருக்கும், இது எளிதில் ஊகிக்கக்கூடிய காரணம். ஊகிக்க முடியாத இன்னொன்று ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்’, அதாவது பதிவு ஏற்கெனவே இருந்தால் சேர்க்காமல் அதைத் திருத்தும் இன்சர்ட். அந்தக் கட்டளையில் பிஃபோர் இன்சர்ட் ட்ரிகர் எல்லாப் பதிவுக்கும் ஓடும். மோதல் இருந்தால் அதற்குப் பிறகு பிஃபோர் அப்டேட் ட்ரிகரும் ஓடும். சேர்க்க வந்து மோதிய பதிவைக் குறிக்கும் ‘எக்ஸ்க்ளூடட்’ வழியாக நீங்கள் எடுக்கும் மதிப்பு முதல் ட்ரிகர் ஏற்கெனவே திருத்திய மதிப்பு. மைஎஸ்க்யூஎல்லின் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’டிலும் பிஃபோர் இன்சர்ட் முதலில் ஓடிவிடும்.

இதற்காக அப்டேட் ட்ரிகரை எடுத்துவிடாதீர்கள். மாற்றும் ஃபங்ஷனைத்தான் திருத்த வேண்டும்: ஏற்கெனவே திருத்திய மதிப்பைக் கொடுத்தால் அதையே அப்படியே திருப்பித் தர வேண்டும். ‘91-இல் ஆரம்பித்தால் விட்டுவிடு’ என்று மட்டும் எழுதினால் வேறு சிக்கல் வரும். 91-இல் ஆரம்பிக்கும் பத்து இலக்கக் கைபேசி எண்களும் இருக்கின்றன, அவற்றுக்கு நாட்டுக் குறியீடு சேராமலே போய்விடும். நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலக்கம் அல்லாதவற்றை நீக்கிய பிறகு பத்து இலக்கம் இருந்து முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள் இருந்தால் 91 சேர். பன்னிரண்டு இலக்கம் இருந்து 91-இல் ஆரம்பித்தால் தொடாதே. பதினொன்று இருந்து 0-வில் ஆரம்பித்தால் அந்த 0-வை எடுத்துவிட்டு 91 சேர். வேறு எதுவாக இருந்தாலும் எக்செப்ஷன்.

சோதிப்பதும் சுலபம். ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டிய விடையும் அந்த விடையின் மேல் மறுபடி ஓட்டிய விடையும் வேறுபடும் பதிவுகள் எத்தனை என்று ஒரு குவெரி போடுங்கள். ஒப்பிட ‘இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ பயன்படுத்துங்கள், நல்லும் சரியாக எண்ணப்படும். விடை சுழியமாக இருக்க வேண்டும்.

அறிகுறி: பெயர் முழுவதும் நல்லாகிவிட்டது

இன்ஷியலையும் பெயரையும் இரட்டைக் கோட்டால் ஒட்டியிருப்பீர்கள். ஒரு பக்கம் நல் என்றால் மொத்தமும் நல். ‘கான்கேட் டபிள்யூஎஸ்’ பயன்படுத்துங்கள். அது நல்லைத் தாண்டிப் போய்விடும்.

அறிகுறி: சுத்தம் செய்தும் ஒரே பெயர் இரண்டு தடவை இருக்கிறது, தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது

திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், யூனிக் இண்டெக்ஸ் மட்டும் இரண்டையும் அனுமதித்திருக்கும். முதலில் இரண்டின் எழுத்து நீளத்தையும் பைட் நீளத்தையும் எடுத்துப் பாருங்கள். நீளம் வேறுபட்டால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்த பெயரின் கடைசியில் வரி உடையாத இடைவெளி ஒட்டியிருக்கலாம். வழக்கமான ‘ட்ரிம்’ சாதாரண இடைவெளியை மட்டும்தான் வெட்டும். இதை, டேப், வரி முடிவு எல்லாவற்றையும் நீங்களே பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக. எந்த விசைப்பலகையில் அடித்தார்கள், எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரும். டேட்டாபேஸுக்கு இவை வெவ்வேறு சரங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் ‘நார்மலைஸ்’ என்ற ஃபங்ஷன் உண்டு. யூனிகோடின் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்தைக் கேட்டால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். டேட்டாபேஸின் என்கோடிங் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர் வாங்கும் எந்த டேபிளிலும் இதை முதல் நாளே ட்ரிகரில் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ஆனால் எல்லாவற்றையும் இது தீர்க்காது. சௌந்தர் என்ற பெயரைப் பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘செளந்தர்’ என்று அடிப்பார்கள். பார்க்க ஒன்றுதான், ஆனால் யூனிகோடுக்கு அது வேறு எழுத்து, நார்மலைஸ் அதைத் தொடாது. ட்ரிகரில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. ‘தெளிவு’, ‘வெள்ளி’ எல்லாம் கெட்டுவிடும். இந்த மாதிரிப் பதிவுகளுக்குச் ‘சரிபார்க்க’ என்று ஒரு புலத்தில் குறி போட்டு மனிதர் பார்வைக்கு விடுங்கள். ஸ்ரீ, ஶ்ரீ இரட்டைக்கும் அதேதான். அகலமில்லாப் பிரிப்பானை (எழுத்துகள் சேராமல் பிரிக்கும், கண்ணுக்குத் தெரியாத குறியீடு) நீக்குவதிலும் கொஞ்சம் கவனம் தேவை: பெயரின் ஓரத்தில் இருந்தால் தாராளமாக வெட்டலாம், நடுவில் இருந்தால் ‘க்ஷ’ சேராமல் இருக்க வேண்டுமென்றே போட்டிருக்கலாம்.

தேடினால் கிடைக்கவில்லை என்பதற்கு இன்னொரு சாதாரணக் காரணம், ட்ரிகர் சேமிக்கும் மதிப்பை மட்டும்தான் மாற்றுகிறது. பயனர் தேடல் பெட்டியில் அடிப்பதை யாரும் மாற்றவில்லை. அதனால் மாற்றும் கணக்கை ட்ரிகருக்குள் நேரடியாக எழுதாமல் தனி ஃபங்ஷனாக எழுதிவையுங்கள். ட்ரிகரும் அதைக் கூப்பிடட்டும், தேடும் குவெரியின் ‘வேர்’ பகுதியும் அதையே கூப்பிடட்டும்.

அறிகுறி: ‘ஸ்டேக் டெப்த் லிமிட் எக்ஸீடட்’, அல்லது மைஎஸ்க்யூஎல்லில் 1442

ஆஃப்டர் ட்ரிகருக்குள் அதே டேபிளை அப்டேட் செய்கிறீர்கள். அந்த அப்டேட் அதே ட்ரிகரை மறுபடி எழுப்புகிறது. மைஎஸ்க்யூஎல் இதை அனுமதிப்பதே இல்லை, அதனால்தான் 1442. வந்த பதிவையே திருத்துவதுதான் வேலை என்றால் அப்டேட் தேவையில்லை. பிஃபோர் ட்ரிகராக மாற்றி ‘நியூ’வில் எழுதுங்கள், சிக்கல் போய்விடும். ட்ரிகருக்குள் ட்ரிகர் எத்தனை அடுக்கு ஓடுகிறது என்று சொல்லும் ‘பிஜி ட்ரிகர் டெப்த்’ ஃபங்ஷனை வைத்து உள்ளே நுழைவதைத் தடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேறொரு டேபிளின் ட்ரிகர் நியாயமாக இந்த டேபிளில் எழுதும்போதும் அது தடுத்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

அறிகுறி: ஜெனரேட்டட் புலம் அல்லது பார்டிஷன் உள்ள டேபிளில் மட்டும் தகராறு

பிஃபோர் ட்ரிகருக்குள் ஜெனரேட்டட் புலத்தின் மதிப்பைப் படித்தால் இன்னும் கணக்கிடப்படாத ஒன்றைப் படிக்கிறீர்கள். அதே கணக்கை ட்ரிகரிலும் செய்யுங்கள். பார்டிஷன் டேபிளில், அதாவது ஒரு புலத்தின் மதிப்பை வைத்துத் துண்டுகளாகப் பிரித்த டேபிளில், பதிவுக்கு ஒருமுறை ஓடும் பிஃபோர் ட்ரிகரை வைக்க போஸ்ட்கிரெஸ் 13 வேண்டும். அதிலும் பார்டிஷனைத் தீர்மானிக்கும் புலத்தை ட்ரிகர் மாற்றி, பதிவு வேறு பார்டிஷனுக்குப் போக வேண்டிய நிலை வந்தால் எரர்தான். அந்தப் புலத்தை மட்டும் முன்பே திருத்தி அனுப்ப வேண்டும்.

அறிகுறி: ஒன்றிரண்டு பதிவுக்கு வேகம், லட்சம் பதிவுக்கு நகரவே இல்லை

ட்ரான்சாக்ஷனுக்குள் ‘எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்’ போட்டு இன்சர்ட்டை ஓட்டுங்கள், முடிந்ததும் ரோல்பேக். அனலைஸ் கட்டளையை உண்மையாகவே ஓட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு ட்ரிகரும் எத்தனை முறை கூப்பிடப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கடைசியில் தனித்தனியாகக் காட்டும். இடைவெளி வெட்டுவதும் எழுத்து மாற்றுவதும் அவ்வளவு நேரம் எடுக்காது. ட்ரிகருக்குள் இன்னொரு டேபிளில் தேடும் குவெரி இருக்கும், உதாரணமாக ஊர்ப் பெயரைக் கொடுத்து பின்கோடு எடுப்பது. தேடும் புலத்தில் இண்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் மெதுவாக இருந்தால் அந்தத் தேடலை ட்ரிகரிலிருந்து எடுத்து, இடைநிலை டேபிளில் ஒரே ஜாயினாகச் செய்துவிடுங்கள்.

அறிகுறி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றிய பிறகு எல்லா இன்சர்ட்டும் 1449

ட்ரிகரை உருவாக்கிய பயனர், அதாவது டெஃபைனர், புதிய சர்வரில் இல்லை. அந்தப் பயனரை உருவாக்குங்கள், அல்லது ட்ரிகரை நீக்கிவிட்டு இருக்கிற பயனரின் பெயரில் மறுபடி உருவாக்குங்கள்.

அறிகுறி: புதியவை சரியாக இருக்கின்றன, பழையவை அப்படியே இருக்கின்றன

இது கோளாறே இல்லை. ட்ரிகர் தான் பிறந்த பிறகு வருவதை மட்டும்தான் தொடும். பழையவற்றைத் திருத்த, கைபேசிக்குக் கைபேசியையே கொடுத்து ஒரு அப்டேட் ஓட்டினால் போதும். புலம் ‘செட்’டில் இருப்பதால் ‘அப்டேட் ஆஃப்’ ட்ரிகரும் எழும். ஆனால் அதற்கு முன்னால், திருத்திய பிறகு எவையெல்லாம் ஒன்றாகிவிடும் என்று ஃபங்ஷனின் விடையை ‘க்ரூப் பை’ போட்டுப் பாருங்கள். யூனிக் இண்டெக்ஸ் இருக்கும் டேபிளில் இப்படி ஒரு ஜோடி இருந்தாலே மொத்த அப்டேட்டும் விழுந்துவிடும். எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதை இணைப்பது என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, பெரிய டேபிளாக இருந்தால் ஐடி வரம்பு கொடுத்துச் சில ஆயிரம் பதிவுகளாகப் பிரித்து ஓட்டுங்கள். ஏற்கெனவே சரியாக உள்ளவற்றை ‘வேர்’ பகுதியில் விலக்கிவிட்டால் தேவையில்லாமல் அவை மறுபடி எழுதப்படாது.